காவல் உண்டு; கவனமும் வேண்டும்!

"கொரோனா புதுப்புது உருவெடுத்து வருகிறதே, அன்று போட்ட ஊசி வீண்தானா?" தொப்பூர்க் கணவாய் ஏறும் லாரித் தொழிலாளர்கள் கேட்கிறார்கள். வீணல்ல, தோழர்களே!

இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள் சில மாதங்களில் குறையும். நோயை அடையாளங்கண்ட நினைவணுக்களோ நெடுங்காலம் நிற்கும். 2021 இறுதியில் வந்த ஓமிக்ரான், டெல்டாவைப் போல் உயிர் குடிக்காததற்கு இதுவும் காரணம்.

குழந்தைகள்? அவர்களுக்கு ஊசி வருமுன்பே, 2021 ஜூன்-ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சோதித்த 6 முதல் 9 வயதுச் சிறுவரில் 57 சதவிகிதத்தினரிடம் எதிர்ப்புப் பொருள் இருந்தது.

ஆனால், முதுமையில் காவல் தளரும். ஓட்டுநருக்குச் சளியாய்ப் போவது, வீட்டிலுள்ள முதிய தாய்க்கு எமனாகலாம். முதியோருக்கு மறு ஊசி, காய்ச்சல் கண்ட தொழிலாளிக்குக் கூலியோடு ஓய்வு, இவற்றைக் கேட்போம்! உடல் மறவாததை ஆள்வோர் மறக்கலாமா?