மழை விட்டாச்சு.. சுவர் காய்ந்துவிட்டதா? பொங்கலுக்கு பெயிண்ட் அடிக்கும் முன் இதைக் கவனிங்க!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பல வீடுகளில் அடுத்த தலைவலி ஆரம்பித்துவிடும். மொட்டை மாடியில் தேங்கிய தண்ணீர் விரிசல் வழியாக இறங்கி, கூரையிலும் சுவரிலும் மேப் வரைந்தது போல கறை படிந்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் கொட்டியது போன்ற விடாத மழை என்றால், வெள்ளம் புகாத மாடி வீடுகளும் இதிலிருந்து தப்புவது கஷ்டம்.

மழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பொங்கலோ ஜனவரி நடுவில். பண்டிகைக்கு முன் வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட வேண்டும் என்பது பலருக்கும் வழக்கம். இந்த இரண்டு, மூன்று வார இடைவெளியில் ஊறிய சுவர் முழுசாகக் காய்வது அரிது. அதன் மேல் அடிக்கும் பெயிண்ட் கொப்புளம் போட்டு உரியும்போது, பெயிண்டர் கூலியோடு சேர்த்து பல ஆயிரம் ரூபாய் வீணாகிறது.

ஒழுகல் நின்ற பிறகும் ஈரம் ஏன் போகவில்லை?

செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் மெதுவாகத்தான் மேலே வரும். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி தெரியும் சுவர், இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஓதம் காட்டுவது இதனால்தான்.

பிளாஸ்டிக் எமல்ஷன், ஆயில் பெயிண்ட் போன்றவை சுவரின் மேல் ஒரு தோல் போல மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்தத் தோலைத் தள்ளிக்கொண்டு வரும். பெயிண்ட் உப்பி உரிவதும், பட்டி பொடிப்பொடியாகக் கொட்டுவதும் இப்படித்தான்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஈரமான சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் அதைத் தொடாதீர்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு, எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

அடுத்தது மூல காரணம். மாடியில் தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, மழைநீர் குழாயில் இலை அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகலை அடைக்காமல் உள்சுவரைக் காய வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

கூரையில் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தால், அது பெயிண்ட் பிரச்சினை இல்லை. அந்த இடத்துக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம். பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சுவரை எப்படிக் காய வைப்பது?

• உப்பிய பெயிண்ட், பட்டி, வால்பேப்பர் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். சுவர் மூச்சு விட வழி கிடைக்கும்.

• பீரோ, கட்டில், சோபாவை சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் போடுங்கள்.

• சென்னை போன்ற கடலோர ஊர்களில் டிசம்பர், ஜனவரி காலை நேரத்தில் காற்றிலேயே ஈரப்பதம் அதிகம். அப்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் பெரிய பலன் இருக்காது. வெயில் ஏறிய பிறகு, 11 மணி முதல் 4 மணி வரை திறந்து வைத்து ஃபேன் போடுவது நல்லது.

• ஏசி இருந்தால் கதவு, ஜன்னலை மூடிவிட்டு 'டிரை' மோடில் ஓட விடலாம். அறைக் காற்றில் இருக்கும் ஈரத்தை அது தண்ணீராக வெளியேற்றும்.

• சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போய்விடும்.

சீக்கிரம் காயட்டும் என்று மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

கருப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தால்?

ஈரமான இடத்தில் ஒன்றிரண்டு நாட்களிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், வயதானவர்களை அந்த அறையில் படுக்க வைக்க வேண்டாம். மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து எடுங்கள். அதுவரை சுவரை நோக்கி ஃபேன் வைத்தால் பூஞ்சைத் துகள்கள் வீடு முழுக்கப் பரவும். பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட்டைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிஞ்சுக்கலாம்?

ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலிதீன் ஷீட்டை வெட்டி, நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப் போட்டு சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளி கோத்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அறைப் பக்கம் மட்டும் துளிகள் இருந்தால், ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வாரம் விட்டு மறுபடி சோதித்து, இரண்டு முறையும் காய்ந்திருந்தால் மட்டும் அடுத்த வேலைக்குப் போகலாம். ஈரம் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் பெயிண்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

வாடகை வீடு என்றால் செலவு யாருடையது?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017-ம் ஆண்டு சட்டம் இதைப் பிரித்துச் சொல்கிறது. வாடகைதாரரால் ஏற்பட்ட சேதம் இல்லையென்றால், கட்டமைப்புப் பழுதும் சுவருக்கு வெள்ளை அடிப்பதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கறையை தேதியோடு போட்டோ எடுத்து, ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸ்அப்பிலோ கடிதமாகவோ தெரிவியுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டால், வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள், அப்போது கையில் ஆதாரம் இருக்காது.

அடுக்குமாடி என்றால் மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவானது. மேல்தளத்தில் இருப்பவர் மட்டும் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை, குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

அப்போ பொங்கலுக்கு என்னதான் பண்றது?

ஈரம் படாத அறைகளுக்கு தாராளமாகப் பெயிண்ட் அடிக்கலாம். ஊறிய சுவரை மட்டும் சுரண்டி விட்டுவிடுங்கள். கடையில் 'டேம்ப் ப்ரூஃப்' என்று விற்பதை உள்பக்கம் அடித்தால் கறை கொஞ்ச நாள் மறையும், ஆனால் மேலிருந்து இறங்கும் தண்ணீர் நிற்காது.

வேலை வரிசை இதுதான்: மாடியைச் சரி செய்வது, சுவரைக் காய விடுவது, பெயர்ந்த பூச்சை ஒட்டுவது, அதுவும் காய்ந்த பிறகு பட்டி, பிரைமர், பெயிண்ட். மாடியில் வாட்டர் ப்ரூஃபிங் செய்யவும் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதால் பிப்ரவரி, மார்ச் அதற்கு ஏற்ற மாதங்கள். கொத்தனாரிடம் தேதியை இப்போதே பேசி வைப்பது நல்லது. தள்ளிப்போட்டால் அடுத்த அக்டோபரில் அதே சுவரில், அதே இடத்தில் கறை வந்து நிற்கும்.