பரணில் தூங்கும் எவர்சில்வர்

இந்த ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழா முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தின் பின்பக்கம் சற்று நேரம் நின்றிருந்தேன். விருந்தைக் குறை சொல்ல வரவில்லை. சர்க்கரைப் பொங்கலில் நெய் மிதந்தது. பரிமாறிய பிள்ளைகள் ஓடி ஓடிக் கவனித்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கறுப்புப் பைகளை. உள்ளே பேப்பர் கப், பேப்பர் தட்டு, மிச்சச் சாம்பார். உத்தியோகத்தில் எண்ணியே பழகியவன், மனம் சும்மா இருக்கவில்லை. ஒருவருக்குத் தண்ணீருக்கு ஒன்று, பாயசத்துக்கு ஒன்று, காபிக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டாலும் 250 பேருக்கு 1,000 கப். எல்லாம் ஒரே நாளைக்கு.

"பிளாஸ்டிக் இல்லையே ஸார், பேப்பர்தானே?" என்றார் பொறுப்பிலிருந்த இளைஞர். கேள்வி நியாயமானதுதான். 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கப், தட்டு, ஸ்பூன் எல்லாம் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டபோது பலரும் பேப்பருக்கு மாறினார்கள். ஆனால் அந்தக் கப்பின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அது இல்லாவிட்டால் சூடான காபி அதில் நிற்காது. பூச்சு இருப்பதால் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார். சாம்பார் பட்டுவிட்டால் யாருமே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நேரே ஜவஹர்நகர் குப்பைக் கிடங்குதான். அங்கே 2020-இல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வந்துவிட்டதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஈர விறகை ஊதி அடுப்பு மூட்டிய நம் அம்மாக்களைக் கேட்டால் ஈரக் குப்பை எப்படி எரியும் என்று சொல்லியிருப்பார்கள்.

நான் வேலை பார்த்தது ரயில்வேயில், பர்மனென்ட் வே பிரிவில். தண்டவாளம்தான் என் உலகம். ஒரு தண்டவாளம் மெயின் லைனில் தேய்ந்துவிட்டால் உடனே இரும்புக் கடைக்குப் போகாது. கழற்றி, அளந்து, தேறுவதைத் தனியே பிரிப்போம். எக்ஸ்பிரஸ் ஓடத் தாங்காதது லூப் லைனில் சில காலம் உழைக்கும். பிறகு சரக்கு வண்டி ஊர்ந்து போகும் சைடிங். அங்கும் முடியாதபோது வேலிக் கம்பமாகும். பழைய ஸ்டேஷன்களில் பிளாட்பாரக் கூரையைத் தாங்கும் தூண்களை உற்றுப் பாருங்கள். பல இடங்களில் அது நிமிர்த்தி நட்ட தண்டவாளம்தான். கடைசியில்தான் ஸ்கிராப் ஏலம்.

இதை எங்களுக்கு வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தான் என்பார்கள். என் அம்மா எந்த மேனுவலும் படிக்காமல் இதையே வீட்டில் செய்தாள். கட்டிக் கிழிந்த நூல் புடவை குழந்தைக்குத் தூளியாகும். தூளியும் நைந்தால் தலையணை உறை, அப்புறம் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி, கடைசியில் தரை துடைக்கும் துணி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் துணிக்கு ஒரு வேலை இருந்தது.

இன்றைய பாலியெஸ்டர் புடவையில் கரித்துணி செய்ய முடியாது. சூடு பட்டால் உருகிக் கையில் ஒட்டும், தண்ணீரையும் உறிஞ்சாது. ஆகவே மறு உபயோகம் என்பது தூக்கி எறியும்போது யோசிக்க வேண்டியதல்ல, வாங்கும்போதே யோசிக்க வேண்டியது என்பது என் கட்சி. பழைய பழக்கங்களிலும் எல்லாம் சரியென்று சொல்ல மாட்டேன். வடையை நியூஸ்பேப்பரில் வைத்து எண்ணெய் பிழிந்து தின்றே வளர்ந்தவன்தான் நான். அச்சு மையில் உடம்புக்கு ஆகாத சரக்கு இருப்பதால் உணவை அதில் பொட்டலம் கட்டக் கூடாது என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விதியே போட்டுவிட்டது. பெயின்ட் வந்த டப்பாவில் அரிசி கொட்டி வைப்பதும் அந்த ரகம்தான்.

அரிசி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2015-இல் நம் ஹைதராபாத் மாநகராட்சி, ஈரக் குப்பைக்குப் பச்சை, உலர்ந்த குப்பைக்கு நீலம் என்று வீட்டுக்கு இரண்டு தொட்டிகள் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் ஒன்றில் அரிசி, மற்றொன்றில் தண்ணீர். குப்பை பழையபடி ஒரே பையில். இதையும் மறு உபயோகக் கணக்கில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஒவ்வொரு வீட்டிலும் பரணில் ஒரு சாக்கு மூட்டையோ டிரங்குப் பெட்டியோ இருக்கிறது. அதில் கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வந்த எவர்சில்வர் தட்டு, தம்ளர், தூக்கு, சம்புடம். ஊர் ஊராக மாற்றலாகி வந்தபோதெல்லாம் கூடவே வந்தவை. நாமும் உபயோகிப்பதில்லை, பிள்ளைகளும் அமெரிக்காவுக்கு எடுத்துப் போகப் போவதில்லை. மெயின் லைனிலிருந்து கழற்றிவிட்டு, சைடிங்கிலும் போடாமல் வைத்திருக்கும் தண்டவாளம் போல.

இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் சித்திப்பேட்டை மாவட்டத்தில் கிராமங்களில் 'ஸ்டீல் பேங்க்' என்று தொடங்கினார்கள். கல்யாணமோ காரியமோ, தட்டும் தம்ளரும் அங்கிருந்து வாடகைக்கு எடுத்து, முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பொறுப்பு மகளிர் குழுக்களிடம். கிராமத்தார் செய்ததை, இத்தனை என்ஜினீயர்களும் ஆடிட்டர்களும் உள்ள நம் சங்கம் செய்ய முடியாதா? வீட்டுக்குப் பத்துத் தம்ளர், ஐந்து தட்டு வந்தால் போதும். முப்பது வீட்டில் முந்நூறு தம்ளர் சேர்ந்துவிடும்.

யார் கழுவுவது? இதைக் கேட்காத ஆள் இல்லை, கேட்க வேண்டியதும்தான். நம் வீட்டுப் பெண்களை விழா நாளன்று தொட்டிமுன் நிறுத்துவதானால் இந்த யோசனையை நானே எதிர்ப்பேன். கூலி கொடுத்து இரண்டு பேரை வைக்க வேண்டும். கப்புக்கும் தட்டுக்கும் ஆகும் செலவு மிச்சமாகும்போது இந்தக் கூலி பெரிதல்ல. எச்சில் தட்டை அவரவர் எடுத்துக் கொண்டுபோய் வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆண்களும் அதைப் பழகலாம்.

இதைவிடப் பெரிய தடங்கல் வேறு. அந்தப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கிறது. எங்கள் வீட்டுத் தம்ளர்களில் இருபத்துநான்கில் என் அம்மாவின் பெயரும் ஊரும் இருக்கின்றன. "அத்தை பேர் போட்டதைப் போய் யார் யாரோ எச்சில் பண்ணக் கொடுப்பீங்களா?" என்றாள் என் மனைவி. இரண்டு நாள் எனக்கும் பதில் தெரியவில்லை. அம்மா உயிரோடிருந்தவரை வீட்டுக்கு வந்தவர் காபி குடிக்காமல் போனதில்லை என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைத்தாள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குப் பெட்டியுடன் வருகிறேன். அதில் இருபத்திரண்டு தம்ளர் இருக்கும். இரண்டை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.