பொடி தீர்ந்த பிறகு பொட்டலம் எங்கே போகும்?

எங்கள் ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறி மார்க்கெட்டில் தக்காளி 14 கிலோ பிளாஸ்டிக் பெட்டியில்தான் கைமாறுகிறது. முன்பெல்லாம் மூங்கில் கூடை, அடியில் வைக்கோல். கூடையில் போனால் அடித்தட்டுப் பழம் நசுங்கிச் சாறு ஒழுகும். பெட்டி வந்த பிறகு அந்தச் சேதம் குறைந்தது. பெட்டி பிளாஸ்டிக்தான். ஆனாலும் அது எந்தச் சாக்கடையிலும் கிடந்து நான் பார்த்ததில்லை. கேரளாவுக்குப் போன பெட்டியும் காலியாக லாரி ஏறித் திரும்பி வரும். பெட்டிக்கு ஒரு உரிமையாளர் இருக்கிறார், கணக்கு இருக்கிறது, ஒன்று குறைந்தால் கேட்க ஆள் இருக்கிறது.

சாக்கடையில் கிடப்பது மசாலா கவர், ஷாம்பு பாக்கெட், ஊறுகாய் பாக்கெட். அவற்றைக் கேட்க யாரும் இல்லை.

இந்த வித்தியாசத்தைப் பற்றி எழுதக் காரணம், என் தம்பி மகனும் மருமகளும் முருங்கைக் கீரைப் பொடி தயாரித்து விற்க இறங்கியிருக்கிறார்கள். நம் பக்கத்துக்கு முருங்கை புதிதல்ல. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.-1 செடிமுருங்கை இந்த வட்டாரத்துத் தோட்டங்களையே மாற்றியது. மதுரையைத் தலைமையிடமாக வைத்து அரசு அறிவித்த முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் திண்டுக்கல் மாவட்டமும் உண்டு. பொடி தயார். எந்தக் கவரில் போடுவது என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம். "பெரியப்பா, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத கவர் எது, நீங்க சொல்லுங்க" என்கிறான். பாங்கில் விவசாயக் கடன் பார்த்தவன் நான், விஞ்ஞானி அல்ல. ஆனாலும் கடன் கேட்டு வந்தவர்களிடம் கேட்ட கேள்வியையே இங்கும் கேட்கிறேன்: போனது எப்படித் திரும்பி வரும்?

முதலில் பொடியின் பக்கத்து நியாயம். முருங்கைப் பொடி வெறும் காகிதத்தில் நிற்காது. ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும், பிறகு பூஞ்சை பிடிக்கும். வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் வெளுக்கும், வைட்டமின் ஏ-யும் குறையும். இலையை நிழலில் காய வைப்பதே அதனால்தான். ஆகவே "பேப்பரில் மடித்துக் கொடு" என்று பழம்பெருமை பேசுவதில் அர்த்தமில்லை. வாழை இலையும் பூவரச இலையும் அன்றைக்கே தின்று முடிக்கிற பண்டத்துக்குச் சரி.

கடைகளில் பளபளக்கும் ஜிப் கவர் பொடியை நன்றாகவே காக்கும். ஆனால் அது ஒரே பொருள் அல்ல. அச்சடிக்க வெளியே ஒரு பிளாஸ்டிக், நடுவில் அலுமினியம், சூட்டில் ஒட்ட உள்ளே இன்னொரு பிளாஸ்டிக் என்று மூன்றையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டியதைப் பிரிப்பது பெரிய பாடு. பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார்.

அடுத்தது "மக்கும் கவர்". பச்சை எழுத்தில் இலைப் படம் போட்டு வருகிறது. இவற்றில் பல, சோள மாவிலிருந்து எடுக்கும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக். அது ஒழுங்காக மக்க 60 டிகிரி அளவு சூடு தொடர்ந்து இருக்கிற உரக்கூடம் வேண்டும். நம் வீட்டு எருக்குழியில் போட்டால் வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும். ஈரத்தைத் தடுப்பதிலும் அது சாதாரண பாலிதீனுக்குக் கீழேதான். பிரவுன் காகிதக் கவரும் அப்படியே. வெளியே காகிதம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. பார்வைக்கு எளிமை, குப்பையில் அதே சிக்கல்.

அதனால் என் கருத்து இது. எந்தப் பொருளால் ஆன கவர் என்று கேட்பதற்கு முன், எத்தனை நாள் தாங்க வேண்டும், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

அலுமினியக் கவர் எதற்கு? பொடி இரண்டு வருஷம் அலமாரியில் இருக்கலாம் என்று அச்சடிக்க. முருங்கையோ வெட்ட வெட்ட வருஷம் முழுக்கத் துளிர்க்கும் மரம். அதன் பொடிக்கு இரண்டு வருஷ ஆயுசு எதற்கு? ஆர்டர் வந்த பிறகு அரைத்து, மூன்று நான்கு மாதத்துக்குள் தீரும்படி தேதி போட்டால் அத்தனை கவசம் தேவையில்லை.

தூரத்துக்கு இரண்டு வழி. சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் கூரியரில் போவதை ஒரே வகைப் பிளாஸ்டிக்கில், கொஞ்சம் தடிமனான கவரில் போடட்டும். ஈரத்தை அது தடுக்கும். வெளிச்சத்துக்கு மேலே ஒரு அட்டைப்பெட்டி. இரண்டையும் தனித்தனியே பழைய சாமான் கடையில் போடலாம். பத்து சின்னப் பாக்கெட்டுக்குப் பதில் ஒரு பெரிய பாக்கெட் என்றால் கவரும் குறையும்.

பழனி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் கடைகளுக்குக் கண்ணாடிப் பாட்டில். பாட்டிலுக்கு முன்பணம், திருப்பித் தந்தால் பணம் வாபஸ். இது நடக்குமா என்று சிரிப்பவர்கள் கோலி சோடாவை நினைத்துப் பார்க்கட்டும். குடித்துவிட்டுப் பாட்டிலை யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போனதில்லை. இன்னும் கிட்டத்து உதாரணம் நீலகிரி. காட்டில் உடைந்து கிடந்த மதுப் பாட்டில்கள் யானைக் காலைக் கிழிக்கின்றன என்று வழக்காகி, உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, திருப்பிக் கொடுத்தால் தருகிற முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. உபதேசம் செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது.

இதற்கு எதிராக ஒரு கேள்வியை மருமகள்தான் கேட்டாள். "பாட்டில் திரும்பி வரும் மாமா, சரி. கழுவுறது யாரு?" நியாயமான கேள்வி. வெந்நீர், சோப்பு, வெயிலில் கவிழ்த்துச் சொட்டு ஈரமில்லாமல் காய வைக்கும் வேலை, உடைகிற பாட்டில் எல்லாம் செலவு. வீட்டுப் பெண்கள் சும்மா செய்துவிடுவார்கள் என்று கணக்கில் விட்டால் அது பசுமைத் தொழில் அல்ல, சுரண்டல். கூலியை விலையில் ஏற்ற வேண்டும். பொடி கொஞ்சம் விலை கூடும். கவரில் போட்டு மலிவாக விற்கும்போது அந்தச் செலவு இல்லாமல் போய்விடுவதில்லை. சாக்கடை தோண்டும் நகராட்சித் தொழிலாளி தலையில் விழுகிறது, அவ்வளவுதான்.

2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் கேரிபேக்குக்குத் தடை. மஞ்சப்பையை மறுபடி கையில் எடுத்திருக்கிறோம். மஞ்சப்பைக்குள் நாம் போட்டுக்கொண்டு வரும் பொட்டலங்களைப் பற்றியும் இனிப் பேச வேண்டும். வாங்குகிறவர்கள் கவரில் இருக்கும் இலைப் படத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், "காலி ஆனதும் இதை யார் வாங்கிக்குவீங்க?" என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குக் கடைக்காரர் பதில் வைத்திருப்பார்.