பேயுமில்லை, நடிப்புமில்லை!

பேய் பிடித்துவிட்டதாம் பெண்ணுக்கு! கைகால்களை உதறுகிறாள், கண்களை இறுக மூடியபடி துடிக்கிறாள், நெடுநேரமாகியும் அடங்கவில்லை. வருகிறார் பூசாரி! உடுக்கை ஒலிக்கிறது, வேப்பிலை வீசுகிறது, சாட்டை சுழல்கிறது. “யார் நீ? சொல்!” என்று அதட்டுகிறார். அடி தாளாதவள் ஏதோ ஒரு பெயரை உளறுகிறாள். பார்த்தீர்களா, பேயே பேசிவிட்டது என்று கூத்தாடுகிறது ஊர்! அடித்தால் எவர்தான் பேசமாட்டார்? காவல் நிலையங்கள் கண்டறிந்த கலையன்றோ இது!

பூசாரியைச் சாடுவது நமக்குப் பழகிய பணி. இன்று என் வழக்கு, வெள்ளை அங்கி அணிந்த சிலர் மீதும்தான். காக்காய் வலிப்பு என்று சீட்டெழுதித் தருகின்றனர். ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறாள். வலிப்பு நிற்கவில்லை, சோர்வும் மயக்கமுமே மிச்சம். மருத்துவம் செழித்த ஜெர்மனியிலேயே, 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, உண்மை நோய் இன்னதென்று தெரியச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! மூளையில் கோளாறில்லை என்று தெரிந்த அன்றோ, “நடிக்கிறாள்” என்று நகைக்கின்றனர். நகத்தை நசுக்கி, “எழுந்திரு” என்பாருமுண்டு. அங்கே சாட்டை, இங்கே ஏளனம்!

நடிப்பல்ல, தோழர்களே! காக்காய் வலிப்பு, மூளையின் மின்னோட்டம் கட்டு மீறுவதால் வருவது. இதுவோ மனத்தின் நெருக்கடியால், அவள் அறியாமலே, அவள் விரும்பாமலே உடல் துடிப்பது. ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கே மிகுதி. கண்டறிய வழி இருக்கிறது. வீடியோ இ.இ.ஜி. என்னும் கருவி, வலிப்பு வரும் வேளையிலேயே உடலசைவையும் மூளையின் மின்னலைகளையும் ஒருங்கே பதிவு செய்கிறது. உடல் துடிக்க, அலைகளில் காக்காய் வலிப்பின் அடையாளம் இல்லையேல் உண்மை விளங்கும். இரண்டு நோயும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. ஆகவே மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

மருந்து எது? முதல் மருந்து சொல்! “நீ நடிக்கவில்லை, அம்மா, இது உண்மை நோய், மீள வழியுண்டு” என்று மருத்துவர் அமர்ந்து விளக்குவது. அதைக் கேட்டமாத்திரத்திலேயே சிலருக்கு வலிப்பு குறைந்துவிடுகிறது. அடுத்தது, மனத்தைப் பேச வைக்கும் சிகிச்சை. பிரிட்டனில் 368 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் வலிப்பின் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் மனத்துயர் தணிந்தது, வாழ்க்கை நலம் பெற்றது. உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்; மாயம் விற்பது நம் தொழிலன்று.

வாய்விட்டுச் சொல்ல இயலாத எதை அவள் உடல் சொல்கிறது? பள்ளியிலிருந்து பிடுங்கிக் கட்டிவைத்த மணமா? குடித்துவிட்டு வந்து உதைக்கும் கணவனா? சிறுவயதில் உறவினன் இழைத்த கொடுமையா? கொடை விழாவுக்கு வரி போட்டு வாங்கும் ஊர்ப்பெரியவர்களே! கணவனையும் மாமியாரையும் வெளியே நிறுத்தி, கதவைச் சாத்தி, அவளிடம் அதைப் பொறுமையாகக் கேட்கும் ஒரு மனநல மருத்துவரை உங்கள் வட்டத்து மருத்துவமனைக்குக் கேட்டீர்களா, ஒரு முறையேனும்?