ஐந்து லட்சமும் எண்பத்தைந்து கிலோமீட்டரும்

தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 2014 ஜூலையில் தொடங்கியபோது மாதச் சந்தா 150 ரூபாய். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 2 லட்சம் வரை சிகிச்சை. 2018-இல் சந்தா 350 ஆனது, வரம்பு 4 லட்சம் ஆனது. 2022 ஜூலை முதல் 497 ரூபாய், பொது வரம்பு 5 லட்சம். வரம்பு இரண்டரை மடங்கு வளர்ந்த காலத்தில் சந்தா மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. முதல் தவணையில் ஓய்வூதியர் ஒருவர் நான்காண்டில் கட்டியது 7,200 ரூபாய். 2022 தவணையில் 23,856 ரூபாய். 2026 ஜூன் 30-உடன் அந்தத் தவணை நிறைவதால், அடுத்த ஒப்பந்தத்தைப் பற்றிய பேச்சும் வழக்கம்போல் இந்த இரண்டு எண்களையே சுற்றுகிறது: சந்தா எவ்வளவு, வரம்பு எவ்வளவு. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் மூன்றாவது எண் ஒன்று எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. ஓய்வூதியரின் வீட்டு வாசலுக்கும் அவருடைய காப்பீட்டு அட்டை செல்லுபடியாகும் வாசலுக்கும் இடையே உள்ள தூரம் அது. அடுத்த ஒப்பந்தம் அந்த எண்ணிலிருந்து எழுதப்பட வேண்டும் என்று இவ்விதழ் கருதுகிறது.

சின்னசேலத்தை எடுத்துக்கொள்வோம். சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையில் உள்ள வட்டத் தலைநகர் அது. பள்ளி ஆசிரியர்களாகவும் வருவாய்த்துறை ஊழியர்களாகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் குடியிருக்கிறார்கள். கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் உழைத்து ஓய்ந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் பெறும் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்துக்கு 2014-இல் வகுக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். கள்ளக்குறிச்சி சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது. 2019 நவம்பரில் அது தனி மாவட்டமானதும், 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் இந்தப் பகுதி முதியவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆதாயங்கள். அதற்கு முன் மருத்துவக் கல்லூரி என்றால் மேற்கே சேலத்துக்கோ கிழக்கே முண்டியம்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. ஆனாலும் 2024 ஜூனில் கள்ளச்சாராயத்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் பாதிக்கப்பட்டபோது சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று நோயாளிகளைப் பிரித்து அனுப்ப வேண்டிவந்தது. இதய அடைப்பு நீக்கம், கதிர்வீச்சு போன்ற உயர் சிகிச்சைகளுக்கு இன்றும் மக்கள் பெரும்பாலும் பார்ப்பது சேலத்தையும் புதுச்சேரியையும் சென்னையையும்தான். சேலம் இங்கிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர்.

அந்தத் தூரத்தின் பொருள் நமக்குத் தெரியும். நெஞ்சுவலியோடு வரும் எழுபது வயதுக்காரருக்கு ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு உறுதியானால், இரண்டு மணி நேரத்துக்குள் கேத் லேப் மேசையில் ஏற்ற முடியாத இடத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை உடனே கொடுத்துவிட்டு அனுப்புவதுதான் முறை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டத்தை 2023-இல் அரசு கொண்டுவந்ததும் இதே கணக்கை வைத்துத்தான். காப்பீட்டுத் திட்டமோ வேறு கணக்கில் ஓடுகிறது. கட்டணமில்லாச் சிகிச்சை என்பது பட்டியலில் உள்ள மருத்துவமனையின் வாசலில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம், உயிரைத் தீர்மானிக்கும் அந்த ஒரு மணி நேரம், நோயாளியின் கைப்பணத்தில் நடக்கிறது. வாடகை வண்டி, உடன் வருபவரின் தங்கல், சாப்பாடு, இழக்கும் கூலி ஆகிய எதுவும் 5 லட்சம் என்ற எண்ணுக்குள் வருவதில்லை. பக்கத்திலிருந்த பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்து பிழைத்தவர்கள், பிழைத்ததற்குப் பிறகு பணத்துக்காக மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கும் அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கும் நடந்திருக்கிறார்கள். மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் செலவைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர் சிவகாந்த் ஜாவின் வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சட்டம் தெளிவாக இருந்தும் ஒவ்வொரு முதியவரும் தனித்தனியே வழக்காட வேண்டியிருப்பது, கோளாறு ஒப்பந்தத்தின் அமைப்பிலேயே இருப்பதைக் காட்டுகிறது.

தூரத்துக்கு இன்னொரு முகம் உண்டு, அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். முதுமையின் நோய்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்க்கும் நோய்கள் இல்லை. இந்திய முதியோர் பற்றிய 2017-18 தேசிய நெடுங்கால ஆய்வின்படி அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நான்கில் மூவருக்கு ஏதாவதொரு நாள்பட்ட நோய் இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுத் தேய்மானம், மூச்சிரைப்பு, கண்புரை, காது மந்தம், மறதி. இவற்றுக்கு வேண்டியது மாதந்தோறும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அதே மருத்துவரின் தொடர்ந்த கண்காணிப்பு. திட்டமோ உள்நோயாளிச் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தருகிறது. புறநோயாளிச் செலவுக்கென்று மாநில ஓய்வூதியருக்குக் கிடைப்பது மாதம் 300 ரூபாய் மருத்துவப்படி. 497 பிடித்தம், 300 வரவு. மத்திய அரசின் சுகாதாரத் திட்ட நிலையம் இல்லாத ஊரில் வாழும் மத்திய ஓய்வூதியருக்கு 2017 முதல் மாதம் 1,000 ரூபாய் தரப்படுகிறது. மருந்தைப் பாதியில் நிறுத்திய சர்க்கரை நோயாளி இரண்டு ஆண்டு கழித்துக் கால் விரலை இழக்க மருத்துவமனையில் சேரும்போது மட்டும் காப்பீடு கண்விழிக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் வரவு செலவுக்குமே இது நல்ல ஏற்பாடு இல்லை.

நாடு தழுவிய சீர்திருத்தங்கள் இதைத் தீர்த்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அவற்றின் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 2024 ஏப்ரலில் புதிய பாலிசிக்கான 65 வயது வரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நீக்கியது. முன்பே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்பு நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. 2025 ஜனவரியில் மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஆணையத்தைக் கலக்காமல் உயர்த்தத் தடை வந்தது. 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது. எழுபது வயதைக் கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் அட்டை என்ற அறிவிப்பு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவை எல்லாம் பாலிசிக்குள் நுழையும் கதவை அகலமாக்குகின்றன. நுழைந்தவருக்குச் சின்னசேலத்தில் ஒரு மருத்துவரை இவை தருவதில்லை. ஆலை ஓய்வூதியத்தில் வாழ்பவரால், வரி நீங்கிய பிறகும், அந்தப் பிரீமியத்தைக் கட்ட முடியாது என்பதும் உண்மை.

புறநோயாளிச் செலவைச் சேர்த்தால் திட்டமே மூழ்கிவிடும், சிறு சிறு பில்களில் மோசடி பெருகும் என்ற ஆட்சேபத்தைக் காப்பீட்டுத் துறை நண்பர்கள் எழுப்புவார்கள். பில்லுக்குப் பில் பணம் தரும் முறையில் அந்த அச்சம் சரியானதே. ஆனால் அந்த ஒரு முறைதான் இருக்கிறது என்று யார் சொன்னது? ஈ.எஸ்.ஐ. பல மாநிலங்களில் பதிவு பெற்ற தனியார் மருத்துவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொகை கொடுத்துப் புறநோயாளிச் சேவையை நடத்தியிருக்கிறது. 1954 முதல் மத்திய அரசு ஊழியர் திட்டமும், 2003 முதல் முன்னாள் ராணுவத்தினர் திட்டமும் சொந்த மருத்துவ நிலையங்கள் வழியாக மருந்தும் ஆலோசனையும் தருகின்றன. தாய்லாந்து 2002-இல் எல்லோருக்குமான திட்டத்தைத் தொடங்கியபோது மாவட்ட மருத்துவமனைக்குத் தலைக்கணக்கில் நிதி கொடுத்தது. வீட்டுக்கு அருகிலுள்ள அந்த மருத்துவமனையே நோயாளியின் முதல் வாசல் ஆனது. தலைக்கணக்கில் பணம் பெறும் மருத்துவர் நோயாளியை ஒழுங்காகக் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்ற குறை இதில் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு அளவுகளை ஆண்டுதோறும் பார்த்துத் தொகையின் ஒரு பகுதியைத் தருவதால் அதைப் பெரிதும் சரிசெய்யலாம்.

அரசே எல்லாம் இலவசமாகத் தருகிறதே என்பது இரண்டாவது ஆட்சேபம், முன்னதைவிட வலுவானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மருந்து தருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. இந்த அடித்தளம் இருப்பதனால்தான் நாம் கேட்பது சாத்தியமாகிறது. ஓய்வூதியர் காப்பீடு இந்த அமைப்போடு கைகோக்காமல் தனித்தீவாக நிற்பதுதான் சிக்கல். களப்பணியாளரின் பதிவேட்டில் ஒரு மருந்து, தனியார் மருத்துவரின் சீட்டில் வேறொன்று, காப்பீட்டுக் கோப்பில் இரண்டும் இல்லை. முதலமைச்சர் திட்டத்தில் அரசு மருத்துவமனைகள் காப்பீட்டுத் தொகை பெற்று வசதிகளை மேம்படுத்திக்கொள்கின்றன; ஓய்வூதியர் கட்டும் சந்தாவும் சிறுவங்கூருக்குத் திரும்பி வரும் வழி அடுத்த ஒப்பந்தத்தில் வகுக்கப்பட வேண்டும். சிற்றூர் மருத்துவமனைகள் பட்டியலில் சேரத் தயங்குவதற்குத் தொகுப்புக் கட்டணம் கட்டுபடியாகாததே முக்கியக் காரணம். பின்தங்கியவை என்று தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் ஆயுஷ்மான் திட்டம் 10 சதவீதம் கூடுதலாகத் தருகிறது. கள்ளக்குறிச்சி அந்தப் பட்டியலில் இல்லை. இதே தர்க்கத்தை மாநிலத் திட்டம் தூரத்தை வைத்துப் பின்பற்றலாம்.

கல்வராயன் மலையைச் சொல்லாமல் இந்த வாதம் முழுமை பெறாது. வெள்ளிமலையைச் சுற்றிய ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி முதியவருக்குச் சந்தா பிடிக்க ஓய்வூதியம் ஏதுமில்லை. இருப்பது மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியபோது சாலையும் மருத்துவமும் ஒரே மூச்சில் பேசப்பட்டன. மலையில் வாழும் முதியவருக்கும் கீழே ஊரில் உள்ள ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் அட்டைகள் வேறு; போக வேண்டிய பாதையின் கீழ்ப்பாதி ஒன்றே. தூரத்தைக் குறைக்கும் எந்தச் செலவும் இருவருக்கும் சேர்த்தே பயன்படும்.

இப்பகுதியில் மருத்துவத் தொழில் செய்யும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அறுபது வயதைக் கடந்த நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் மூன்று விவரங்களைக் குறித்துவையுங்கள்: எந்தக் காப்பீடு, எந்த ஊருக்கு அனுப்பினீர்கள், கிளம்பியதற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் இடையே எத்தனை மணி நேரம். பரிந்துரைச் சீட்டில் முதல் ஈ.சி.ஜி. எடுத்த நேரத்தையும் கொடுத்த மருந்தையும் தெளிவாக எழுதி, அவசரநிலை என்ற சொல்லையும் விடாமல் சேர்த்தால் பின்னாளில் ஆட்சியர் குழுவின் முன் நிற்கும் முதியவருக்கு அதுவே சாட்சி. பெயர் நீக்கிய அந்தக் குறிப்புகளை எங்களுக்கு அனுப்புங்கள். வட்ட வாரியாகத் தொகுத்து, சந்தாவையும் வரம்பையும் பேசும் மேசையில் மூன்றாவது எண்ணாக அதை வைக்கிறோம்.