கருணையா, கூலியா?

"வெள்ளையன் ஆட்சியே பொற்காலம், பஞ்சத்திலுங் கூடக் கால்வாய் வெட்டச் செய்து சோறு போட்டான்" என்று ஈப்போ அஞ்சடிகளிலும், தோட்டம் விட்டு வந்தோர் இல்லங்களிலும் பெருமூச்செறியும் பெரியோர் இன்றும் உளர். அவர்களை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. அவர்கள் போற்றும் கருணையின் கணக்கை மட்டும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் வடக்கே ஆந்திரக் கரைக்கும் தெற்கே மரக்காணத்திற்கும் நீண்டது. ஆறுகளைக் கடக்குமிடங்களில் கடலின் ஏற்றவற்றத்தால் நீர் வடிந்து படகு தரைதட்டாதிருக்க, "லாக்கு" எனப்படும் இரட்டைக் கதவு மதகுகளை அமைத்தனர். கதவுகளுக்கிடையே படகை நிறுத்தி, நீரை ஏற்றியோ வடித்தோ மட்டம் ஒத்தபின் மறுகதவைத் திறப்பர். விறகும் உப்பும் நெல்லும் இவ்வழியே சென்றன.

1876–78 பெரும் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்த் துண்டைப் பட்டினி மக்களே வெட்டினர். கால்வாய்க்குச் சூட்டப்பட்ட பெயரோ ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுடையது! வெட்டியவர் பெயர் எந்தக் கல்லிலுண்டு?

சோறு போட்டானாம்! 1877இல் சென்னை மாகாணப் பஞ்ச வேலைகளுக்கு ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி, ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசுமே. நாள் முழுதும் மண் சுமப்பவன் உடலுக்கு இது போதாதென மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் என்னும் வெள்ளையரே வாதாடினார். இந்தியத் தானியமோ அப்போதும் கப்பலேறிக்கொண்டிருந்தது. மாகாணத்தில் பல இலட்சம் பேர் மாண்டனர். உழைப்பை வாங்கி உயிருக்கும் போதாத விலை கொடுப்பது கருணையாகுமா?

அதே 1877இல்தான் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்திறங்கின. அவற்றுட் சில நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரமொன்று இன்றும் அங்கே காக்கப்படுகிறது. அம்மரம் பெருகித் தோட்டங்களானபோது, பஞ்சத்திற்குப் பின்னும் நீங்காத வறுமை நம் முன்னோரைக் கங்காணியின் பின்னே கப்பலேற்றியது. அங்கே மண் வெட்டிய வறியவரின் பேரப்பிள்ளைகள் இங்கே பால்மரம் வெட்டினர். இரண்டிடத்தும் பசியே கூலியை நிருணயித்தது.

பழி முழுதும் வெள்ளையன்மேல் அன்று. விலை ஏறட்டுமெனத் தானியத்தைப் பூட்டிவைத்த வணிகருள் நம்மவரும் இருந்தனர். 1965, 1966 ஆண்டுகளின் புயல்களால் சிதைந்த கால்வாயைச் சாக்கடையாக்கி, சென்னையில் அதற்குள்ளேயே இரயில் தூண்களை நிறுத்தியவரும் நம்மவரே.

தோழர்களே! தமிழகத்துக்கு யாத்திரை செல்வோர் கோயில் வாசலோடு திரும்பாதீர். அக்கால்வாய்க் கரையிலும் சற்று நின்று வாருங்கள். உடன் வரும் பிள்ளை "இதை வெட்டியவர் யார்?" என்று கேட்டால், பிரபுவின் பெயரைச் சொல்லாதீர், நம்மவர் என்று சொல்லுங்கள்.