குட்டிக்கு ஓர் இல்லம்

 

ஓர் ஐப்பசி மாத மழையிரவில், கோவை கரும்புக்கடையிலுள்ள எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே தெருநாய் ஒன்று மூன்று குட்டிகளை ஈன்றுவிட்டது. காலையில் அவற்றைக் கண்ட என் பேரன் ஓடிவந்து கேட்டான்: “நன்னி, நாய் இருக்கும் வீட்டிற்கு மலக்குகள் வரமாட்டார்கள் என்று மதரஸாவில் ஹஜ்ரத் சொன்னார். அப்படியென்றால் இந்தக் குட்டிகள் எங்கே போகும்?”

சிறுவன் கேட்ட கேள்வி சிறியதன்று. “விரட்டு” என்று சொல்ல என் நா எழவில்லை. “வளர்ப்போம்” என்று சொல்லவும் மனம் இடம் தரவில்லை. நம் இல்லங்கள் பலவற்றில் இதே தடுமாற்றம் நேர்ந்திருக்கும். ஆகவேதான் இம்மாதம் இதனை எழுதுகிறேன்.

மார்க்கம் காட்டும் வழி

காரணமின்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆனால் கால்நடைக் காவல், விளைநிலக் காவல், வேட்டை ஆகியவற்றுக்கு வளர்க்கப்படும் நாய்களுக்கு விலக்கும் அளித்துள்ளார்கள். பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணத் திருமறையின் ‘அல்மாயிதா’ அத்தியாயம் அனுமதிக்கிறது. குகைவாசிகளான இளைஞர்களோடு அவர்களின் நாயையும் ‘அல்கஹ்ஃப்’ அத்தியாயம் குறிப்பிடுகிறது. தாகத்தால் தவித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் முகந்து கொடுத்த மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட செய்தியை நாம் அனைவரும் அறிவோம்.

எனவே, வீட்டிற்குள் வைத்துக் கொஞ்சுவதற்குத்தான் தயக்கமே தவிர, இரக்கம் காட்டுவதற்குத் தடை ஏதுமில்லை. கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்தாதில் வாழ்ந்த இப்னுல் மர்ஸுபான் என்னும் அறிஞர், மனிதர் பலரைக் காட்டிலும் நாய்கள் மேலானவை என்று தனி நூலே எழுதியிருக்கிறார்!

சுத்தம் பற்றிய சட்டத்தில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. நாயின் உமிழ்நீர் அசுத்தமானது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரண்டின் கருத்துமாகும். ஷாஃபிஈ மத்ஹபில் அதன் உடலும் அசுத்தமே. ஐயமிருப்பின் உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நாங்கள் தாய்க்கும் குட்டிகளுக்கும் படிக்கட்டின் கீழேயே பழஞ்சாக்கு விரித்து, தனிச் சட்டியில் உணவு வைத்தோம். குட்டிகளுக்குத் தகுந்த இடம் தேடுவது என்றும் முடிவு செய்தோம்.

குணம் அறிந்து கொடுங்கள்

ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் ஒரே குணம் கொண்டவர்களாகவா இருக்கிறார்கள்? குட்டிகளும் அப்படித்தான். செம்பழுப்பு நிறக் குட்டி எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வரும். கறுப்புக் குட்டி தட்டு விழுந்த ஓசை கேட்டாலே தாயின் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொள்ளும். வெள்ளைப்புள்ளிக் குட்டியோ திடுக்கிட்டு ஓடும். சற்று நேரத்தில் திரும்பி வந்து அந்தத் தட்டையே முகர்ந்து பார்க்கும்.

அமெரிக்காவின் பார் ஹார்பரில் நாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அறிஞர்கள் 1965இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே, குட்டி யாரோடு உறவாட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளும் பருவம் என்று அவர்கள் கண்டறிந்தனர். அப்பருவத்தில் மனிதரின் அன்பான கை படாத குட்டி, பிற்காலத்தில் மனிதரைக் கண்டு மிரளும். ஆகவே எட்டு வாரமாவது தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். அதே வேளையில் மனிதர் பழக்கமும் கிடைக்கச் செய்யுங்கள். ஒரு நாள் பார்த்துக் குணத்தை முடிவு கட்டவும் வேண்டாம். பல நாள் கவனியுங்கள். வளர்ப்பும் குணத்தை மாற்றும்.

நாங்கள் செய்த பிழை

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் அவசரப்பட்டேன். காவலுக்கு நாய் வேண்டும் என்று ஒரு லேத் பட்டறைக்காரர் கேட்டபோது, அந்தக் கறுப்புக் குட்டியைக் கொடுத்துவிட்டேன். இரும்பு கடையும் ஓசையில் அது எந்திரத்தின் பின்னால் பதுங்கி, உண்ணாமல் கிடந்தது. ஒரு வாரம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது. அதைக் கண்ட பேரன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. தள்ளிவிட்டால் போதும் என்று எண்ணிக் கொடுப்பது அடைக்கலம் ஆகுமா?

பிறகு நிதானமாகத் தேடினோம். கறுப்புக் குட்டி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளைக்குப் போயிற்று. அங்கே வயதான தம்பதியரும், தென்னைகளும், அமைதியும். வெள்ளைப்புள்ளிக் குட்டியை அடுத்த தெரு அக்கா தம் பிள்ளைகளுக்காக வாங்கிக்கொண்டார்.

செம்பழுப்புக் குட்டிக்குக் காங்கயம் பக்கத்து ஆட்டுப்பட்டி வாய்த்தது. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில் செம்மறியாடுகள் மேயும் பூமி அது. ஆட்டுக்காரர் நம்மைவிடக் கவனமாகக் குட்டியைப் பார்த்தார். ஆடுகளின் நடுவே விட்டார். துரத்துகிறதா, முகர்ந்துவிட்டுப் படுக்கிறதா என்று நோக்கினார். “துரத்துகிற குட்டி பட்டிக்கு ஆகாதுங்க அம்மா. ஆட்டோடு ஆடாக வளரவேண்டும்” என்றார். நம் குட்டி ஆடுகளின் அருகே படுத்துக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ்!

அவருடைய எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. காங்கயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் 2024, 2025 ஆண்டுகளில் போராடியதும் நாடறிந்த செய்தி. நகரத்தில் வேண்டாத குட்டியைச் சாக்கில் கட்டி ஊர்ப்புறத்தில் விட்டுவருவோர் சற்றே சிந்திக்க வேண்டும். பசித்த அக்குட்டிதான் நாளை ஓர் ஏழையின் ஆட்டைக் கடிக்கக்கூடும். வளர்த்த பிராணியைப் பட்டினியால் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும்.

நினைவில் கொள்க

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும், மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடச் செய்யுங்கள். குழந்தைகளை நாயோ குட்டியோ கடித்தாலும் பிறாண்டினாலும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தாமதம் உயிருக்கே ஆபத்தாகும். தாய் நாய்க்குக் கருத்தடை செய்ய மாநகராட்சியிடம் தெரிவியுங்கள். இல்லையேல் அடுத்த மழைக்கும் படிக்கட்டின் கீழே குட்டிகள் இருக்கும்.

பேரனின் கேள்விக்கு இப்போது என்னிடம் விடை இருக்கிறது. நம் வீட்டினுள் இடமில்லாத உயிருக்கு, அதன் குணத்துக்கு ஏற்ற வீட்டைத் தேடித் தருவதும் நம் கடமையே.

வாயற்ற உயிர்களிடமும் இரக்கம் காட்டும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.